கசாப்புக் கடைக்காரரும் என் ஏழாம் எண் சட்டையும்

ஆல்டர்பி
28 ஜனவரி 1954, வியாழன்

மதிப்பிற்குரிய மச்சான் சிரில் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மேவிஸ் சுகம். நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். அக்காவும் பிள்ளைகளும் அங்கே நலமென்று நம்புகிறேன். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி என் வயிற்றெரிச்சல்.

சனிக்கிழமை கால்பந்துக் கோப்பை ஆட்டம். முதல் டிவிஷன் அணியொன்று எங்கள் ஊர்ச் சேற்றில் கால் வைக்கப் போகிறது. எட்டு வருஷமாக வலது ஓரத்தில் ஓடி ஓடிச் சுண்ணாம்புக் கோட்டை அழித்தவன் நான், ஆனால் இன்று காலை பலகையில் குத்திய பட்டியலில் ஏழாம் எண்ணுக்கு நேரே வேறொருவன் பெயர். பயிற்சியாளரைக் கேட்டால் கூரையைப் பார்க்கிறார், பாவம், ஆளைப் பொறுக்குவது அவரா, கிளப் தலைவர் க்ளெக் அல்லவா, அவரோ கசாப்புக் கடைக்காரர், போன வாரம் மேவிஸ் அவர் கடையில் ஊரே வரிசையில் நிற்கும்போது, சாசேஜில் இறைச்சியைவிட ரொட்டித்தூள்தான் அதிகம் என்று சொல்லித் தொலைத்தாள். எங்கள் இறைச்சி ரேஷன் அட்டை அவரிடம் பதிந்திருக்கிறது, வேறு கடைக்கும் போக வழியில்லை. வயது முப்பத்தாறு, முழங்கால் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் சாசேஜ்தான்.

திரும்பும்போது பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "சனிக்கிழம நீ இல்லியாமே, வில்ஃப்? அப்ப நாம ஜெயிக்க வழியிருக்கு" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வீட்டு நிலக்கரிக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன்.

நீங்களும் க்ளெக்கும் ஒரே பட்டாளத்தில் இருந்தவர்கள். நாளைக்கே வந்து, மேவிஸுக்காக மன்னிப்புக் கேட்டு, என்னைச் சேர்க்கச் சொல்லுங்கள். இது போனால் எனக்கு இன்னொரு கோப்பை ஆட்டம் கிடையாது, மச்சான்.

உங்கள் வீட்டில் கணப்பு அணையாமலும் கெட்டில் காலியாகாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வாயால் கெட்ட
வில்ஃப் எண்டிகாட்

பி.கு.: கடிதத்தை மேவிஸிடம் படித்துக் காட்டினேன். அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "சாசேஜுக்கு அவரு அன்னிக்கே சிரிச்சிட்டாரு. உன்ன எடுக்க வேண்டாம்னு நாந்தான் போய்க் கெஞ்சினேன். தெனம் காலைல மாடிப்படிய உக்காந்து உக்காந்து எறங்குறே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்த மனுசன் கண்ணத் தொடச்சிக்கிட்டுத்தான் சரின்னாரு." சண்டை போட எழுந்தேன். மேசையைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. நீங்கள் வர வேண்டாம். நீங்கள் வேலை பார்க்கும் மில்லில் வாசல் காவலுக்கு ஆள் எடுத்தால், நாற்காலி போடுவார்களா என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள்.