கடைப் படத்தில் கருப்பராயன்

மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் அவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து மாமன் ஈஸ்வரமூர்த்தி எழுதுவது. இங்கே நாங்கள் சௌக்கியம், எருமைகளும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் அனுப்பிரியாவும் நலமாக இருக்கக் கருப்பராயன் துணை. விஷயமும் அவரைப் பற்றியதுதான். போனில் சொல்லலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். அதனால் தபால்.

நீங்கள் நெட்டில் போட்டுக்கொடுத்த நம் எண்ணெய்க் கடையைத் திறந்தால், மேலே கடைப்பெயருக்குப் பக்கத்தில் கடலைப்பருப்பு அளவில் ஒரு படம் வருமே, அதில் எல்லாக் கடைக்கும் வருகிற அதே பைதான் இருக்கிறது, நமக்கென்று ஒன்று வேண்டும் என்று கேட்டவன் நான்தான். செக்கின் படத்தை நான் தேடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அத்தை குலதெய்வத்தின் படத்தை அனுப்பிவிட்டாள். நீங்களும் மாமியார் சொல்லைத் தட்டாமல் வைத்துவிட்டீர்கள். அந்த இடத்தில் சாமிக்கு மீசை மட்டும்தான் தெரிகிறது. அதுகூடப் பரவாயில்லை. அதே வரியில் மூடுவதற்குப் பெருக்கல் குறி இருக்கிறது. "சாமிய எப்பிடிங்க பெருக்கல் போட்டு மூடறது?" என்று கேட்டாள். மூடாமலே, ஆர்டர் பார்க்க ஒவ்வொரு தடவையும் புதிதாகத் திறந்தாள். லேப்டாப்பின் மேல்விளிம்பு முழுக்க மீசையாகி, அது திணறி நின்றுவிட்டது. பிறகு அவளே வழி கண்டாள். கோயிலில் அருள் வந்தவர் மேலிருந்து சாமி மலையேறச் சூடம் காட்டுவதைப்போல, சாயங்காலம் லேப்டாப்புக்குச் சூடம் காட்டி, "மலையேறிட்டாருங்க, இப்ப மூடுங்க" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கறி தின்ற கையால் தொடக்கூடாது என்று கடைக்கே விடுமுறை. கருப்பராயனே கிடா வாங்குகிற சாமிதானே என்றேன். "அது அவருக்குங்க, உங்களுக்கில்ல" என்றாள்.

இதற்குள் என் மச்சான் மோகனசுந்தரம் ஓணத்துக்குத் தேங்காயெண்ணெய் கேட்டு ஆர்டர் போட்டார். அவர் தங்கச்சியான உங்கள் அத்தை, சூடம் காட்டித்தான் கடையை மூடவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். உடனே எனக்குப் போன். "மச்சான், நான் பொள்ளாச்சி பஸ்ஸுல போயிட்டிருக்கறனுங்க. இங்க சூடத்துக்கு எங்கீங்க போறது?" அவர் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்ல, யாரும் கடையைத் திறப்பதில்லை. நம் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசி சொந்தக்காரர்கள்தானே.

அனுப்பிரியா கல்யாணமாகிப் போனபின் இந்த வீட்டில் உங்கள் அத்தையின் பேச்சே குறைந்துபோயிருந்தது. கடை வந்த பிறகுதான் டின் டின்னாக அடைத்துக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓணத்துக்குள் ஆர்டர் வராவிட்டால் கடையை நிறுத்திவிடலாம் என்கிறாள். எனக்கு அது தாங்காது. படத்தை மாற்று என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஆகவே நீங்களே சத்தமில்லாமல் ஒரு தேங்காய்ப் படத்தை வைத்துவிடுங்கள். கேட்டால் கம்ப்யூட்டர் தானாக மாற்றிவிட்டது என்று சொல்லுங்கள். என் பெயர் வரக்கூடாது.

இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். வரும்போது காலி டின்களைக் கொண்டுவரவும்.

அன்புள்ள மாமன்,
ஈஸ்வரமூர்த்தி

பி.கு.: ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கோபமில்லை. சாமியை அங்கே வைத்தது தப்புத்தானாம். நேற்றே உங்களுக்கு வேறு படம் அனுப்பிவிட்டாளாம். என்ன படம் என்று கேட்டேன். "உங்க போட்டோதானுங்க. உங்கள மூடறதுல எனக்கு ஒண்ணும் சங்கடமில்லீங்க" என்றாள். மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கருப்பராயனே இருக்கட்டும்.