நாற்பது கிராம் விரதம்

அன்று மதியம் சமையலறையில் இருந்தவர்கள்: மூன்றாம் ஆண்டு உயிரியல் மாணவி மலர், அவளுடைய அறைத்தோழி நாஜியா, ஒழுகும் குழாயைப் பார்க்க வந்த வீட்டுக்காரி இராஜம்மா. மேசை நடுவில், பிரிக்பீல்ட்ஸ் கடையிலிருந்து நாஜியாவின் வாப்பா கட்டிக் கொடுத்தனுப்பிய ஆட்டுப் பிரியாணி.

“ஒரு வாய் லா,” என்றாள் நாஜியா. “மலர் சாப்பிட்டாளான்னு வாப்பா கேப்பாரு. நான் என்ன சொல்ல?”

மலர் எட்டு மாதமாகச் சுத்தமான உணவு மட்டுமே சாப்பிட்டு வந்தாள். முதலில் சீனியை விட்டாள். பிறகு எண்ணெய். பிறகு சோறு, பால், உப்பு. வாழைப்பழத்திலும் சீனி இருக்கிறது என்று எங்கோ படித்து அதையும் விட்டாள். மிஞ்சியது தராசில் நிறுத்த நாற்பது கிராம் ஓட்ஸ், அவித்த புரோக்கோலி, ஆறு பாதாம். ஒருமுறை ஏழாவது பாதாமைத் தின்றுவிட்டு, அது கரையட்டும் என்று தான் தங்கியிருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானை இரண்டு மணி நேரம் சுற்றி நடந்தாள்.

பசிக்கவில்லை என்பதை இனி நாஜியா நம்பமாட்டாள். உடம்பு சரியில்லை என்றால் கிளினிக்குக்கு இழுத்துப் போவாள்.

“நான் விரதம்,” என்றாள் மலர்.

குழாயடியில் குனிந்திருந்த இராஜம்மா நிமிர்ந்தாள். “தைப்பூசத்துக்கா?”

“ஆமா ஆன்டி. பால்குடம்.”

நாஜியா பிரியாணியை மூடி எடுத்துக்கொண்டு போனாள். எட்டு மாதமாகக் கிடைக்காத நிம்மதி மலருக்கு ஒரே சொல்லில் கிடைத்தது.

சாயங்காலம் வரை அது இருந்தது. இராஜம்மாவும் மலரின் அம்மா தனலெட்சுமியும் கேரி தீவில் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள்.

“இராஜம்மா சொன்னா,” என்றாள் அம்மா போனில். “என்ன வேண்டுதல்?”

மலர் அதை யோசித்து வைக்கவில்லை. “அண்ணனுக்கு வேல கெடைக்கணும்னு.”

அண்ணன் ஜீவன் டிப்ளோமா முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தான். ஒரே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஒன்பது நேர்காணலுக்குப் போய் வந்தவன்.

“சரி. பாத்து இரு,” என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் இராஜம்மா சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். விரதக்காரிக்குச் சோறு போட்டால் புண்ணியம். மலர் அதை மறந்திருந்தாள்.

“சீனி தொடறதில்ல ஆன்டி. அப்படித்தான் வேண்டியிருக்கேன்.”

அதற்கு அடுத்த நாள் எலுமிச்சைச் சாதம் வந்தது. சோறும் இல்லை என்றாள். பொரித்த சோயாத் தவ்ஃபூ வந்தது. எண்ணெயும் இல்லை என்றாள். மோர் வந்தபோது பாலையும் உப்பையும் சேர்த்து மறுத்தாள்.

இராஜம்மா திகைத்து நின்றாள். “இந்தக் காலத்துல யாரும்மா இப்படி இருக்கா?”

அந்தக் கேள்வி தெரு முழுக்கப் போனது. இரண்டாவது வாரம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். எதிர்வீட்டுப் புனிதா தன் மகனையும் கூட்டி வந்தாள். அவன் கார் லைசன்ஸ் சோதனையில் பார்க்கிங்கிலேயே மூன்று முறை தோற்றவன்.

“இவனுக்கும் ஒரு வார்த்த சேத்து வேண்டிக்கோம்மா.”

மறுக்க வழியில்லை. மலர் சாப்பாட்டைக் குறித்து வைக்கும் நோட்டில், புரோக்கோலி தொண்ணூறு கிராம் என்பதற்குக் கீழே, புனிதா மகன், கார் பார்க்கிங் என்று எழுதிக்கொண்டாள்.

நாஜியா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் கேட்டாள். “விரதத்துக்குத் தராசு எதுக்கு?”

“அளவு தப்பக்கூடாது.”

“நாங்களும்தான் நோன்பு இருக்கோம். பொழுது சாஞ்சு மக்ரிப் வந்தா சாப்பிட்டுருவோம். ஒனக்கு எப்ப மக்ரிப்?”

மலர் ஓட்ஸைத் திரும்பவும் எடை போட்டாள்.

மூன்றாவது வாரம், வகுப்புக்குக் கிளம்பியவள் இராஜம்மா வீட்டு கேட்டைத் தாண்டும்போது மயங்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தாள். தலை ஒரு பக்கமாக ஆடியது.

“அருள் வந்துருச்சு,” என்றாள் இராஜம்மா.

திருநீறு வந்தது. வேப்பிலை வந்தது. புனிதா மகனைத் தரதரவென்று இழுத்து வந்து மலரின் காலடியில் உட்கார வைத்தாள். “இந்தத் தடவ பாஸாயிருவானா தாயே?”

“தண்ணி,” என்றாள் மலர்.

“சாமி தண்ணி கேக்குது.” ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்து அவள் தலையில் ஊற்றினார்கள். குடிக்க யாரும் கொடுக்கவில்லை.

நாஜியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளைத் தூக்கினாள். “சாமி இல்ல ஆன்டி. பசி.”

“நீ துலுக்கப் புள்ள, ஒனக்குத் தெரியாது,” என்றாள் புனிதா.

நாஜியா மலரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, அவளுடைய போனில் அம்மாவின் எண்ணைத் தேடிக்கொண்டே வெளியே போனாள்.

இரண்டு நாள் கழித்து அம்மா கூப்பிட்டாள். “ஜீவனுக்கு வேல கெடச்சிருச்சு. ரவாங்ல, ஃபேக்டரியில. வர்ற வெள்ளிக்கெழம வந்து படையல் சாப்பிட்டு விரதத்த முடி.”

மலர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “தைப்பூசத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கேம்மா.”

“சாமி முன்னாலயே குடுத்துருச்சு. குடுத்த பெறகும் எலையில கை வைக்கலன்னா, குடுத்தத திருப்பி எடுத்துக்கும். ஒங்கண்ணன் வேல இப்ப ஒன் கையிலதான் இருக்கு.”

“மூணு வருஷத்துக்கு வேண்டியிருக்கேன்.”

“மூணு வருஷமும் வந்து சாப்பிடு.”

மலர் உயிரியல் படிப்பவள். சோற்றுக்கும் ரவாங் தொழிற்சாலைக்கும் தொடர்பில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த வெள்ளைச் சட்டையும் அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் கேரி தீவு வீட்டில் வாழையிலை போட்டிருந்தது. சோறு, சாம்பார், எண்ணெய் மினுங்கும் உருளைக்கிழங்கு வறுவல், பாயசம். எதற்கும் எடை தெரியவில்லை.

“அண்ணன் எங்க?”

“வேலைக்குப் போயிட்டான். நீ சாப்பிடு.”

முதல் வாயை நெடுநேரம் மென்றாள். அம்மா தண்ணீரை நகர்த்தி வைத்தாள். நான்காவது வாயை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். ஏதோ ஓர் இயந்திரத்தின் முன்னால் சீருடையில் நிற்கும் அண்ணனை நினைத்துக்கொண்டு ஐந்தாவதை விழுங்கினாள். அவனுக்காகப் பதினோரு வாய் தின்றாள். பன்னிரண்டாவது பாயசம். அதை யாருக்காகத் தின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. காற்பந்துச் சட்டையும் சிலிப்பருமாக ஜீவன் உள்ளே வந்தான்.

“முடிஞ்சுதாம்மா? எவ்வளவு நேரம் லா திடல்லயே உக்காந்திருக்கிறது, வெயில் கொளுத்துது.”

மலர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். “வேலைக்குப் போகலயாண்ணே?”

“எந்த வேல?” என்றான் ஜீவன்.

தனலெட்சுமி எழுந்து, அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.