சித்ரான்ன வண்டி

"சரின்னு சொல்லிட்டீங்களா? என்னைக் கேக்காம எப்படிங்க சரின்னு சொன்னீங்க?"

வேதா தோளிலிருந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை. அல்வாலில் இருந்த அந்த ஃப்ளாட்டின் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவள் கணவர் துரைராஜ் தரையில் உட்கார்ந்து நிதானமாக பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"கிட்டுன்னு ஒருத்தர் போன் பண்ணினார். கொண்டாப்பூர்ல சின்ன மாடல் வண்டி சேர்க்கிறவங்க சங்கமாம். ஞாயித்துக்கிழமை கண்காட்சி. 'சார், உங்க பிரெஞ்சு கேம்பர் வேன் கலெக்‌ஷனைப் பத்திக் கேள்விப்பட்டோம், பத்து நிமிஷம் பேசுங்க'ன்னார். மரியாதையா கேக்கிற மனுஷன்கிட்ட நக்கோ, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"அது உங்க கலெக்‌ஷனே இல்லையே!"

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?" என்றபடி அவர் அடுத்த பீன்ஸை எடுத்தார்.

ஹாலில் கண்ணாடி அலமாரி நிறைய வேன்கள் நின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் வேன்கள். ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் பிரான்ஸின் சாலைகளில் ஓடியவை, நாற்பத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி அங்கே நின்றன. கூரையைத் தூக்கினால் உள்ளே கட்டில், அடுப்பு, நகத்தளவு கழுவுதொட்டி எல்லாம் இருக்கும். ஞாயிறு மதியங்களில் வேதா அவற்றில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அடுப்பில் யாருக்கும் எதுவும் சமைக்க வேண்டாம். சக்கரம் வைத்த அந்த வீடு நின்ற இடத்திலேயே நிற்கவும் வேண்டாம்.

முதல் வேன் பார்சலில் வந்த அன்று பக்கத்து வீட்டு சுஷ்மா கூடவே வந்து நின்றாள். "அய்யோ அக்கா, பொம்மையா? இந்த வயசுலயா? யாருக்கு?"

வேதா இன்சூரன்ஸ் அலுவலகத்தில் சூப்பரிண்டெண்ட். அவள் கண்ணாடியைக் கழற்றினாலே பிரிவு முழுக்க அமைதியாகிவிடும். ஆனால் அன்று நாக்கு குழறியது. "அ... அவருக்கு. அவருக்குத்தான் இந்தப் பைத்தியம்."

துரைராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். வேனைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ஹவ், ஆமா, எனக்குத்தான். சின்ன வயசுலேர்ந்து" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து காலனியில் அவர் 'வேன் துரைராஜ்'. மௌலா அலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டத் தெரியாது. மார்க்கெட்டுக்கே மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டுதான் போவார். ஆனாலும் யாரும் சந்தேகப்படவில்லை. ஆம்பிளை வாங்கினால் அதன் பெயர் ஹாபி. தான் வாங்கினால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள் என்று வேதா நினைத்தாள்.

மறுநாள் அவளே கிட்டுவுக்குப் போன் செய்தாள். "அவருக்குக் கடுமையான ஜுரம். எழுந்து உக்காரவே முடியல. ஞாயித்துக்கிழமை வரமாட்டார்."

பின்னால் துரைராஜ் உரத்த குரலில் பாடிக்கொண்டே பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"அடடா! அப்ப சாரைச் சிரமப்படுத்த வேண்டாம் மேடம்" என்றார் கிட்டு. "நாங்களே சங்கத்தோட கிளம்பி உங்க வீட்டுக்கு வந்துடறோம். நாப்பது பேர்தான். சாரையும் பாத்த மாதிரி இருக்கும், வேனையும் பாத்த மாதிரி இருக்கும்."

வேதா ஹாலைப் பார்த்தாள். ஆறு பேர் உட்கார்ந்தால் ஏழாவது ஆள் சமையலறையில் நிற்க வேண்டிய ஹால்.

"இல்ல இல்ல! ஜுரம் விட்ருச்சு."

"எப்ப மேடம்?"

"இப்பத்தான்."

வேறு வழியில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவாயிற்று. சாப்பாட்டு மேசையில் இரண்டு வேன்களை நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. இது சித்ரோவன் கம்பெனி வேன்."

"சித்ரான்னம்."

"சித்ரோவன்!"

"அதான். சித்ரான்னம்."

"சரி, விடுங்க. இது ரெனோ எஸ்டஃபெட்."

துரைராஜ் கண்ணை மூடி மனதுக்குள் உருப்போட்டார். "எஸ்டேட் பேட்டை."

மூன்று நாள் இப்படியே போயிற்று. வேதாவுக்குச் சித்ரான்னம் என்ற பதார்த்தத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை அவர் வெகுளியாக இன்னொரு செய்தி சொன்னார்.

"சுஷ்மாவையும் கூப்பிட்டிருக்கேன். கார்ல நம்மளைக் கூட்டிட்டுப் போறாளாம். வேன் எல்லாத்தையும் ஸ்கூட்டர்ல எப்படிக் கொண்டு போறது, சொல்லு?"

வேதா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசியாக அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் காதில் சின்ன இயர்போன். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனில் கிசுகிசுப்பாள். அதை அவர் அப்படியே திருப்பிச் சொன்னால் போதும்.

"அப்படியே சொல்லணுமா?"

"ஒரு வார்த்தை மாறக்கூடாது."

"பிராமிஸ்" என்றார் துரைராஜ்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டாப்பூர் ஹாலில் நல்ல கூட்டம். பாதிக்கு மேல் தமிழர்கள், ஐ.டி. கம்பெனி ஆட்கள். கிட்டு மைக்கைக் கொடுத்தார். இஸ்திரி போட்ட சட்டையில் துரைராஜ் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். இது சித்ரான்னம்."

முன்வரிசை சிரித்தது. வேதா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு போனில் கிசுகிசுத்தாள். "இதோட முன்பக்கத்துக்குப் பிரான்ஸ்ல பன்றி மூக்குன்னு செல்லப் பேர், சொல்லுங்க."

"இதோட முன்பக்கத்துக்குப் பிரான்ஸ்ல பன்றி மூக்குன்னு செல்லப் பேர் சொல்லுங்க."

"சொல்லுங்கங்கறதைச் சொல்லாதீங்க!"

"சொல்லுங்கங்கறதைச் சொல்லாதீங்க" என்று அவர் கூட்டத்துக்கு அன்பாக அறிவுறுத்தினார்.

"ஐயோ கடவுளே!"

"ஐயோ கடவுளே" என்று கைகூப்பினார். அந்தக் கைகூப்பலில் இயர்போன் நழுவி விழுந்து, மேசைக்கு அடியில் எங்கோ உருண்டது. அவர் அதைத் தேடவேயில்லை.

"பாருங்க, இந்த வண்டியோட பக்கமெல்லாம் தகரம் மடிப்பு மடிப்பா இருக்கு. ஏன்? லாரி இடிச்சு நசுங்கினது. பாவம், அப்படியே விட்டுட்டாங்க."

வேதா முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எஸ்டேட் பேட்டை. ஐஸ்கிரீம் வண்டி."

அவள் பல்லைக் கடித்தாள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த சுஷ்மா, "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"மொத்தத்துல என்ன சொல்றேன்னா," துரைராஜ் ஒரு வேனைத் தூக்கிக் காட்டினார், "இதெல்லாம் சும்மா பொம்மைங்க. வீட்ல வெச்சா அழகா இருக்கும். அவ்வளவுதான்."

"பொம்மை இல்லை!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. அந்தக் குரல் தன்னுடையது என்று வேதாவுக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் கால்கள் நடக்கத் தொடங்கியிருந்தன. மேடையேறி, கணவர் கையிலிருந்து வேனையும் மைக்கையும் வாங்கினாள்.

"அது நசுங்கினது இல்லை. மெல்லிய தகரத்தை மடிச்சா பலம் வரும். நம்ம ஊர்க் கூரைத் தகரம் மாதிரி. முன் சக்கரம் இழுக்கிற வண்டி, அதனால தரை தாழ்வா இருக்கும். உள்ள ஆள் நிமிர்ந்து நிக்கலாம். ஒரு வண்டிக்குள்ள நிமிர்ந்து நிக்க முடியறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? காலமெல்லாம் ரொட்டியும் கறியும் சுமந்த வண்டிங்க இதெல்லாம். வேலை முடிஞ்சு ஓய்ஞ்சதும் ஜனங்க வாங்கி, உள்ள கட்டில் போட்டு, அடுப்பு வெச்சு, கடலைப் பாக்கக் கிளம்பிட்டாங்க. உழைச்சு முடிச்ச பிறகுதான் இது ஊர் சுத்தவே ஆரம்பிச்சது."

பத்து நிமிடம் என்றது முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேள்விகள் வந்தன, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். ஒருவர் தவறான வருடத்தைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். அவர் உடனே திருத்திக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் முதல் வரிசைக்கு வந்துவிட்ட சுஷ்மா கண்ணில் பட்டாள்.

"அக்கா, அப்ப அன்னைக்கு வந்த அந்தப் பார்சல்..."

வேதா வேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்னோடதுதான். எல்லாமே என்னோடதுதான்."

சுஷ்மா கிட்டே வந்து, வேனின் ஜன்னலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். "இந்தக் குட்டித் திரைச்சீலை?"

"நான்தான் தைச்சேன்."

"அக்கா," என்றாள் சுஷ்மா மெல்ல, "எனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றீங்களா? எங்க வீட்ல கேட்டா, உங்களுக்குன்னு சொல்லிக்கிறேன்."

வேதாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. துரைராஜைத் தேடினாள். அவர் ஹாலின் மூலையில் சமோசாவோடு நின்று, யாரோ ஒருவரிடம் அவளைக் கைகாட்டி ஏதோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், இத்தனை பேர் முன்னால் அந்த மனிதரின் மானம் போய்விட்டது. பக்கத்தில் டீ கொண்டுவந்த கிட்டுவிடம் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மன்னிச்சுக்கங்க. அவருக்கு வண்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நான்தான் மறைச்சிட்டேன். என்னால அவர் மேடையில தப்புத் தப்பா உளறும்படி ஆயிடுச்சு."

கிட்டு டீயை அவள் கையில் கொடுத்தார்.

"உளறலா? எந்தத் தப்பைச் சொன்னா நீங்க பொறுக்க முடியாம மேடைக்கு வருவீங்கன்னு கேட்டு, ஒவ்வொரு வண்டியைப் பத்தியும் என்கிட்ட ஒரு மாசமா படிச்சாரே மேடம்!"