பொலிஸ் பதிவில்லாமல் குடியிருந்த கிருமி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.
12-10-1997

அன்பும் பட்சமும் நிறைந்த தம்பி வரதராசாவுக்கு,

உன் அண்ணன் தில்லைநாதன் எழுதும் கடிதம். நானும் உன் அண்ணி சரோஜினிதேவியும் மகள் நேசமலரும் பிள்ளையாரின் தயவாலும் அவ்வப்போது வந்துபோகும் மின்சாரத்தின் தயவாலும் சுகமாக இருக்கிறோம். ரொறன்ரோவில் நீயும் பெண்சாதி பிள்ளைகளும் குளிருக்குத் தப்பி, அதேபோல் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

போன கடிதத்திலும் வழமைபோல "அண்ணாவின் அல்சர் எப்பிடி?" என்று கேட்டிருந்தாய். இனி அதைக் கேட்கத் தேவையில்லை. அல்சர் போய்விட்டது. அடங்கவில்லை, குறையவில்லை, அடியோடு போய்விட்டது. அது போன விதத்தையும், அது போனதால் இந்த வீட்டில் எனக்கு வந்திருக்கும் சங்கடத்தையும் விபரமாக எழுதுகிறேன். கடைசியில் உன்னிடம் ஓர் உதவி கேட்பேன். முழுதும் வாசித்துவிட்டு மறுக்காமல் செய்.

அரசாங்கக் கந்தோரில் உத்தியோகத்துக்குச் சேர்ந்த காலந்தொட்டு எனக்கு வயிற்றெரிவு இருந்தது உனக்குத் தெரியும். பார்த்த டொக்டர்மார் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: மிளகாய்த்தூள் கூடாது, கவலை கூடாது. ஆகவே இரண்டையும் உன் அண்ணி வீட்டுக்குள் விடவில்லை. அடுப்பில் இரண்டு சட்டி ஏறும். தங்களுக்குச் சிவப்புக் கறி, எனக்கு வெள்ளைக் கறி. கவலை தரும் கதை எதுவும் என் காதுக்கு வராது. யாராவது கொஞ்சம் உரத்துக் கதைத்தால் என் கை மேல்வயிற்றுக்குப் போகும், உடனே வீடு அடங்கிவிடும். இதை நான் வேண்டுமென்றே செய்தேன் என்று உன் அண்ணி இப்போது மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் சொல்கிறாள். அது அபாண்டம். கை தானாகப் போகும். நீ எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டபோது குளிர் அல்சருக்கு ஆகாது என்று மறுத்ததும், உன் அண்ணியின் தங்கை வீட்டுக் கலியாணத்துக்கு வயிற்றைக் காரணம் காட்டிப் போகாமல் விட்டதும் முழுக்க முழுக்க மருத்துவக் காரணங்களால்தான்.

ஆவணி மாதம் ஒரு காலை மார்க்கெற்றில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். கண் இருண்டது. கோப்பித்தூள் கரைத்ததுபோல வாந்தி எடுத்து அப்படியே விழுந்தேன். கண் திறந்தபோது என்னைச் சுற்றி மூன்று சோடிச் சப்பாத்துகள் தெரிந்தன. சந்தியில் நிற்கும் ஆமிக்காரர்கள். நாடி பிடிக்க முதல் அடையாள அட்டையைக் கேட்டார்கள். வாயைத் துடைக்க முதல் நானும் அதை எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரர் மலரின் ஒப்பீசுக்கு ரெலிபோன் பண்ண, அவள் தன்னோடு வேலை செய்யும் ஒரு பெடியனையும் கூட்டிக்கொண்டு கொம்பனியின் வான் வண்டியில் வந்து இறங்கினாள். பெடியன் என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வானில் கிடத்தினான். நான் எடுத்த சத்தி அவனுடைய வெள்ளைச் சேட்டெல்லாம் பட்டது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பம்பலப்பிட்டி செக்பொயின்றில் மறித்தார்கள். பெடியன் தண்ணிபோலச் சிங்களம் கதைத்தான். ஒரு சிப்பாய் வானுக்குள் தலையை நீட்டி, "அல்சர்த மாத்தயா?", அல்சரோ ஐயா, என்று கேட்டான். பல்லிடைவெளியுள்ள, இருபது வயதுகூட மதிக்க முடியாத முகம். ஓம் என்று தலையாட்டினேன். "மகே அம்மாட்டத் தியெனவா" என்றான். அவனுடைய தாய்க்கும் அல்சராம். எனக்குக் கண் சொருகிக்கொண்டு போனாலும், இந்த விசயத்தில் அனுபவஸ்தன் என்ற முறையில் என்னால் சும்மா கிடக்க முடியவில்லை. தாயாருக்குப் பால் நிறையக் கொடு, மிளகாயை நிற்பாட்டு, கவலைப்பட விடாதே என்று சிங்களத்தில் சொல்லி முடித்தேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வான் போனது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். பொன்னம்பலம் என்ற டொக்டர், வயதில் உன்னிலும் இளையவர், கமரா பூட்டிய குழாயொன்றை என் தொண்டையால் விட்டு வயிற்றைப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு கிள்ளுச் சதை எடுத்து ஒரு மஞ்சள் களிக்குள் வைத்தார். சற்று நேரத்தில் அந்த மஞ்சள் ரோசா நிறமாக மாறியது. "இஞ்சை பாருங்கோ, ஆள் அகப்பட்டிட்டார்" என்றார். ஆள் என்றது ஒரு கிருமியை.

தம்பி, இனிச் சொல்வதைக் கவனமாக வாசி. வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் சீவிக்காது என்றுதான் உலகத்து டொக்டர்மார் எல்லோரும் நம்பியிருந்தார்களாம். இந்தக் கிருமியோ அமிலத்தை முறிக்கும் ஒரு சாமானைத் தானே தயாரித்துத் தன்னைச் சுற்றிப் பூசிக்கொண்டு, வயிற்றின் உள்தோலுக்கு மேலுள்ள சளிப்படைக்குள் துளைத்துக்கொண்டு போய் இருந்துவிடுகிறது. அங்கிருந்து தோலைப் புண்ணாக்குகிறது. அவுஸ்திரேலியாவில் ஒரு டொக்டர் ஒருவரும் நம்பவில்லை என்ற ஆத்திரத்தில் அந்தக் கிருமியைத் தானே கரைத்துக் குடித்து வருத்தத்தைத் தேடிக்கொண்டாராம். வெள்ளவத்தையில் ஒரு கிழமை தங்க வருகிற சொந்தக்காரரையும் நாங்கள் பொலிசில் பதியவேண்டும். இந்தக் கிருமி என் வயிற்றில் ஒரு பதிவும் இல்லாமல் இவ்வளவு காலம் குடும்பமாய்க் குடியிருந்திருக்கிறது.

பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே தொற்றுவதாம். நானும் நீயும் ஒரே செம்பில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் உனக்கும் எரிவு என்று எழுதியிருந்தாய். நாளைக்கே உன் டொக்டரிடம் போய் இந்தக் கிருமிக்குச் சோதிக்கச் சொல். நோவுக்குப் போடும் குளிசைகளைக் கண்டபாட்டுக்குப் போடாதே, அவையும் புண்ணாக்கும். சிகரெட்டை விடு. எங்கள் வீட்டில் இப்போது தண்ணீர் கொதிக்காமல் ஒருவர் வாயிலும் படாது. கை கழுவாமல் ஒருவரும் சோற்றில் கை வைக்க முடியாது.

இதுவரைக்கும் நல்ல செய்தி. அடுத்ததாக டொக்டர் என் கட்டிலடியில், உன் அண்ணியையும் மலரையும் வைத்துக்கொண்டு, ஒரு காரியம் செய்தார்.

"மிளகாய்த்தூளாலை இந்தப் புண் வாறேல்லை. கவலையாலையும் வாறேல்லை. பால் குடிச்சால் அந்த நேரத்துக்குச் சுகமாயிருக்கும், பிறகு அமிலம் கூடத்தான் செய்யும்" என்றார்.

உன் அண்ணி கதிரையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் இவ்வளவு காலமும் ரெண்டு கறிச்சட்டி கழுவினது ஆருக்கு டொக்டர்?"

டொக்டர் சிரித்தார். மலர் சிரிக்கவில்லை. "டொக்டர், அப்பாவுக்கு ஒரு திடுக்கிடுற செய்தி சொன்னால் புண் வெடிக்குமோ?" என்று கேட்டாள்.

"ஒரு செய்தியாலை புண் வராது, பிள்ளை. மருந்தை ஒழுங்காக் குடிச்சால் போதும்."

"வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

டொக்டரின் தலை மறைய முதல் பிள்ளை தொடங்கிவிட்டாள். "அப்பா, உங்களை வானிலை கொண்டந்தவர் வெறும் ஒப்பீஸ் ஃபிரெண்ட் இல்லை. அவரைத்தான் நான் கட்டப்போறன். ரெண்டு வருசமாச் சொல்ல நினைச்சனான். உங்கடை வயித்துக்காகத்தான் பேசாமல் இருந்தனான்."

என் கை வழமைபோல மேல்வயிற்றுக்குப் போனது. மூன்று பேரும் என் கையைப் பார்த்தோம். உன் அண்ணி, "கையை எடுங்கோ. அது கிருமி" என்றாள்.

மருந்து முடித்துத் திரும்பவும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கிருமியும் இல்லை, புண்ணும் இல்லை. அன்றே உன் அண்ணி மீன் மார்க்கெற்றில் இருந்து நண்டு எடுப்பித்து உறைப்பாகக் கறி வைத்தாள். கண்ணால் நீர் ஓடச் சாப்பிட்டேன். தெய்வ ருசி. ஆனால் சாப்பிட்டு முடிய அவள் சண்டையைத் தொடங்கினாள். சேர்த்து வைத்த சண்டைகளைக் கலியாணம் நடந்த வருடத்திலிருந்து ஒழுங்காக எடுத்துக்கொண்டு வருகிறாள். பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு ஒன்று. இப்போது எண்பத்துமூன்று கலவர வருடத்துக்கு வந்திருக்கிறாள். உன்னோடு கனடா வராத கதை அடுத்த கிழமை வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

நடுவில் ஒரு விசயம் என் மனதை அரித்தது. அந்தச் சிப்பாயின் தாய்க்கு நான் பிழையான வைத்தியம் சொல்லிவிட்டேனே. அந்த மனுசி என் சொல்லைக் கேட்டுப் பாலைக் குடித்துக்கொண்டு இருக்கப்போகிறாள். கிருமியின் பெயரையும் மருந்துகளின் பெயரையும் டொக்டரிடம் கேட்டு ஒரு கடதாசியில் இங்கிலிசில் எழுதி எடுத்துக்கொண்டு பம்பலப்பிட்டிக்குப் போனேன். அவன் அங்கே இல்லை. மற்றவர்களிடம், பல்லிடைவெளியுள்ள சிப்பாய் எங்கே, எப்போது வருவார், தாயார் எந்த ஊர் என்று கேட்டேன். கேட்டு முடிந்த பிறகுதான், ஒரு தமிழன் இந்தக் கேள்விகளைக் கேட்டால் எப்படியிருக்கும் என்று எனக்கே விளங்கியது.

மண்மூட்டைக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்கள். கடதாசியைப் பறித்தார்கள். மெற்றோனிடசோல் என்ற சொல்லை அவர்களுடைய பெரியவர் ஏதோ இரகசியக் குறியீடு என்று நினைத்து, எழுத்து எழுத்தாக வோக்கிரோக்கியில் வாசித்தார். உன் அண்ணியிடம் சொல்லாமல் வந்ததும் அப்போதுதான் நினைவு வந்தது. பிறகு மறுபக்கத்தில் ஒரு குரல், அது வயிற்று மருந்து, தன் மனைவியும் குடிக்கிறாள் என்று சொன்னது. அந்த நேரம் அந்தச் சிப்பாய் சாப்பிட்டுவிட்டு வந்து, "ஆ, அல்சர் மாத்தயா!" என்று ஓடிவந்தான். முதல் சொன்னது முழுதும் பிழை, தாயாரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய்ச் சோதித்தபின் மருந்து எடு, கடையில் சும்மா வாங்கிக் கொடுக்காதே என்று சொன்னேன். கடதாசியை மடித்து நெஞ்சுப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினான். நான் புறப்பட, பெரியவர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய், சாப்பிட்டபின் தனக்கும் நெஞ்சு எரிகிறது என்றார். அந்தச் செக்பொயின்றில் வயிறு எரியாத ஒருவரும் இல்லை, தம்பி. எல்லோருக்கும் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இனி நான் கேட்கும் உதவி. பெடியனின் பெயர் வலன்ரைன். கொட்டாஞ்சேனை. சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். குடிவகை இல்லை, உழைப்பாளி, பெரியவர்களுக்கு மரியாதை தெரிந்தவன். அவனில் ஒரு பிழையும் நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பரம்பரையில் மாப்பிள்ளை வலன்ரைன் என்று கலியாணக் கார்ட்டில் எப்படி அடிப்பது? கூடாது என்று நான் உறுதியாகச் சொன்னேன். "சொல்லுங்கோ அப்பா, ஏன் கூடாது?" என்று பிள்ளை எதிரே இருந்து கேட்கிறாள். வருத்தக்காரனாக இருந்தபோது என்னிடம் யாரும் காரணம் கேட்டதில்லை. சுகதேகிக்குக் காரணம் வேண்டியிருக்கிறது.

உனக்குப் பிரஷர் இருக்கிறதுதானே. அதற்கு இன்னும் ஒருவரும் கிருமி கண்டுபிடிக்கவில்லை. ஆகவே நீ ரெலிபோன் எடுத்து, இந்தக் கலியாணம் நடந்தால் சித்தப்பாவுக்குப் பிரஷர் ஏறும் என்று மலரிடம் சொல். குரலைக் கொஞ்சம் தளர்த்திச் சொல். இடையில் ஒருமுறை மூச்சு வாங்கு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். வெற்றி நிச்சயம்.

உன் பெண்சாதிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ஆயுளும் அறிவும் நல்ல சமிபாடும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
க. தில்லைநாதன்

பி.கு.: முத்திரை வாங்கப் பிந்தியதால் கடிதம் பத்துப் பன்னிரண்டு நாளாக மேசையில் கிடந்தது. அதற்குள் காரியங்கள் மாறிவிட்டன. ரெலிபோன் எடுக்காதே. எடுத்தாலும் உன் பிரஷரைப் பற்றி மூச்சு விடாதே. சோதனை மட்டும் செய்.

ஞாயிற்றுக்கிழமை விடிய கொட்டாஞ்சேனையில் வீடு வீடாக ரவுண்டப். அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்ததால், வடக்குப் பெடியன் என்ற சந்தேகத்தில் வலன்ரைனைக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி வந்தபோது மலர் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. டொக்டர் என்ன சொன்னாலும் எரிந்தது. முழுக்கைச் சேட்டைப் போட்டேன். பென்சன் அட்டையை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

அங்கே மரவாங்கில் அவனுடைய தாய் ஐறீன் செபமாலையோடு இருந்தா. என்னை யாரென்று அவவுக்குத் தெரியாது. சார்ஜன்ட் பெரிய புத்தகத்தை விரித்து, என் பெயர், விலாசம், பார்த்த உத்தியோகம் எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு, "உமக்கு இவர் என்ன உறவு?" என்று சிங்களத்தில் கேட்டார். ஒப்பீஸ் ஃபிரெண்ட் என்று சொன்னால் என்னை வெளியே போகச் சொல்லியிருப்பார்.

"மருமகன்" என்றேன்.

எழுதினார். கையெழுத்து வாங்கினார். பின்னேரம் அவனை விட்டார்கள். அரசாங்கத்தில் இருந்த காலமெல்லாம் பொய்யான பதிவொன்றுக்கு நான் கையெழுத்து வைத்ததில்லை. இனியும் வைக்க முடியாது. ஆகவே தையில் கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. கார்ட் அடிக்கக் கொடுத்தாயிற்று. அந்தப் பெயர் எழுத்தில் பார்க்க அவ்வளவு மோசமில்லை.

வாசலில் அவன் என் இரண்டு கையையும் பிடித்து, "தாங்ஸ் அங்கிள்" என்றான்.

"பின்னாலை பொலிஸ் பாத்துக்கொண்டு நிக்குது" என்றேன். "மாமா எண்டு சொல்லும்."