சாட்டிலைட் வாங்கப் போன ரெட்டைத்துண்டு

தன்னோடு தானே பேரம் பேசி, விலை படியாமல், தன்னிடமே கோபித்துக்கொண்டு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஊரான கம்பத்தில் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் ரெட்டைத்துண்டு. நான் எதிர்வீட்டுக்காரி என்பதால் எனக்கு மாமா.

அந்த யோசனை அவருக்கு உதித்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். எங்கள் வீட்டு டிவியில் வானிலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. 'தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்' என்றார்கள். மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எந்த ஓரிரு? கம்பமா, கூடலூரா? பேரைச் சொன்னா வாய் சுளுக்கிக்கிருமா?"

எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷ விடுமுறையில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வானிலை பார்க்க அரசாங்கம் புது சாட்டிலைட் வாங்கப் போகிறது, எப்படி வாங்கலாம் என்று தொழில்துறையினரிடம் கருத்துக் கேட்கிறார்கள், மதுரையில் கூட்டம், பிரவுசிங் சென்டரில் பார்த்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"வாங்குறதுக்கு முன்னாடியே கேக்குறாகளா?"

"ஆமா மாமா. தொழில் பண்றவுககிட்ட."

"அப்ப நம்மகிட்டதான் கேக்குறாக. பேரைக் குடுத்துரு, ஆத்தா."

அவர் தொழில் என்ன என்பதைச் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது விளங்கும். காலையில் அவர் திராட்சை விவசாயி. சொந்தப் பந்தல் இருக்கிறது. சாயங்காலம் அவரே திராட்சைப் புரோக்கர். விவசாயியாக இருக்கும்போது தோளில் பச்சைத் துண்டு, புரோக்கராகும்போது வெள்ளைத் துண்டு. "ஒரே துண்டோட ரெண்டு பக்கமும் பேசுனா எவன் நம்புவான்?" என்பார்.

எங்கள் பக்கத்து வியாபாரி பந்தலை வாங்க மாட்டார். கொடியில் தொங்கும் காயைப் பார்த்துக் காய்க்கு மட்டும் விலை பேசுவார். வெட்டும் வரைக்கும் மழை விவசாயியின் தலைவலி. பழுத்த நேரத்தில் ஒரு மழை பிடித்தால் போதும், பழம் வெடித்துவிடும். முந்திக்கொண்டு வெட்டினாலோ புளிக்கும்.

மாமாவின் பந்தலுக்கு மாமாவேதான் புரோக்கர். நானே பார்த்திருக்கிறேன். பச்சைத் துண்டோடு, "இந்த வெலைக்கு வெட்டுறதுக்குக் கொடியவே வெட்டிப் போடலாம்யா" என்பார். துண்டை மாற்றிக்கொண்டு, "போடுங்க, எனக்கென்ன நட்டம்?" என்று தானே விறுவிறுவென்று வெளியே போய்விடுவார். அத்தை மோர்ச் செம்போடு நின்றுகொண்டு, "மோரு யாருக்கு? விவசாயிக்கா, புரோக்கருக்கா?" என்று கேட்டால், வாசலிலிருந்து பதில் வரும்: "ரெண்டு பேருக்கும் ஊத்து. சேத்து வச்சுராத!"

கூட்டம் நடந்த சமயத்தில் அவருடைய பந்தல் பழுக்கிற தறுவாயில் நின்றது. போன காய்ப்பு முழுக்க மழையில் வெடித்துப் போயிருந்தது. இந்தத் தடவையும் போனால் கொடியைப் பிடுங்கிவிட்டு வாழை வைப்பதென்று அத்தை தீர்த்துச் சொல்லிவிட்டாள். கொடியைப் பிடுங்குகிற பேச்சை எடுத்தால் மாமாவுக்குச் சோறு இறங்காது. "வெட்டவா, பொறுக்கவான்னு அந்த மேல்மட்டத்துலயே கேட்டுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, பையில் இரண்டு துண்டுகளோடு மதுரைக்குக் கிளம்பினார். மொழிபெயர்ப்புக்கு நான்.

ஏ.சி. ஹால் வாசலில் பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்த பெண், "சார், நீங்க இண்டஸ்ட்ரியா, யூசரா?" என்று கேட்டாள்.

"காலையில யூசரு. சாயங்காலம் இண்டஸ்ட்ரி."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு பேட்ஜ் கொடுத்தாள். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

டெல்லியிலிருந்து வந்த அதிகாரிதான் தலைவர். தமிழ் அவருக்குத் தெரியும். ஆனால் எங்கள் மாமாவோடு பேசப் போதுமான அளவுக்குத் தெரியாது. அவர் இங்கிலீஷில் கேட்ட கேள்வி இதுதான்: சாட்டிலைட்டை அரசாங்கமே வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாமா? அல்லது சாட்டிலைட் கம்பெனியிடமே இருக்கட்டும், அது எடுக்கும் மேகப் படங்களை மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாமா?

நான் காதில் ஓதியதும் மாமாவின் முகம் மலர்ந்தது. "அட, பந்தலை வாங்குறதா, காயை மட்டும் வாங்குறதா? இதுக்கா இம்புட்டுப் பேரு?"

பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஐயா, பந்தலையே வாங்கிருங்க! காய மட்டும் வாங்குனா, மேகம் கூடுற அன்னைக்கு விக்கிறவன் போனை எடுக்க மாட்டான். நானே எடுத்ததில்ல!"

கை தட்டினார்கள். உட்கார்ந்தார். குனிந்தார். வெள்ளைத் துண்டோடும் மற்ற பேட்ஜோடும் நிமிர்ந்தார். "இப்பப் பேசுனவரு சொன்னதைக் கேக்காதீக! பந்தலை வாங்கிப்புட்டு நோவு விழுந்தா என்ன செய்வீக? அம்புட்டு உசரத்துல ஏறி எவன் மருந்தடிக்கிறது?"

இதற்கும் கை தட்டினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவர்கள் இருவரும் ஒரே கம்பெனியா?" என்று பக்கத்து அதிகாரியிடம் கேட்டார். "அண்ணன் தம்பி போலிருக்கிறது, சார்" என்றார் அவர். எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமாவின் செல்போன் அலறியது. ஊரிலிருந்து அத்தை. ஸ்பீக்கர் என்று ஒன்று தனியாகத் தேவைப்படாத குரல்.

"ஏங்க, வெட்டுற ஆளுக வந்து நிக்கிறாக. மலைப்பக்கம் கருகருன்னு வருது. வெட்டவா, வேண்டாமா?"

மாமா போனைப் பொத்தாமலேயே ஹாலைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, எல்லாரும் மேகத்துல பெரிய ஆளுக. இன்னைக்குக் கம்பத்துல மழை உண்டா, இல்லையா? இனிப்பு ஏறுறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும். மழைன்னா இப்பவே வெட்டணும். என் கொடி பொழைக்கிறது உங்க வாயில இருக்கு."

கூட்டம் அதோடு கலைந்தது என்றே சொல்லலாம். லேப்டாப்புகள் திறந்தன. ஒருவர் உண்டென்றார், ஒருவர் இல்லை என்றார். கேரளா பக்கம் கட்டாயம் பெய்யும், மலை தாண்டுமா என்று மலையைத்தான் கேட்க வேண்டும் என்றார் மூன்றாமவர். பெரிய திரையில் மேகப் படத்தைப் போட்டுத் தலைவரே எழுந்து வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். "இந்தப் பகுதிதானே?"

"விரலை எடுங்கய்யா," என்றார் மாமா. "எங்க ஊரு அடியில கெடக்கு."

விரலை எடுத்தார். விரல் இருந்த இடத்தில் வெள்ளையாக இருந்தது. மேகமா, மலையா, திரையில் அழுக்கா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஓரிரு இடங்களில்..." என்று தலைவர் தயங்கி ஆரம்பிக்க, மாமா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குள் விவசாயி பொறு என்கிறார், புரோக்கர் வெட்டு என்கிறார். தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் உள்ளே இல்லை. அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

"ஒண்ணும் புரியலடி," என்றார் போனில், மெதுவாக. "நீயே சொல்லு."

"என்னத்தச் சொல்ல? பாதிப் பந்தல் வெட்டியாச்சு."

"எதைப் பாத்து வெட்டுன? மழை வரும்னு உனக்கு யாரு சொன்னா?"

"மழையக் கண்டது யாரு? நாளையிலருந்து ஆளுக பூராம் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போறாக. இன்னைக்கு விட்டா வெட்டுறதுக்கு நாதியில்ல. சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டேன். வைங்க போனை!"

ஹாலில் அதிகமாகக் கை தட்டல் வாங்கியது அத்தைதான்.

அன்றைக்குக் கம்பத்தில் ஒரு சொட்டு விழவில்லை. மறுநாளும் இல்லை. காய் புளிக்கிறதென்று புரோக்கர் விலையைக் குறைத்தார். விவசாயி அவர் முகத்தில் முழிப்பதில்லை என்று கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பக்கத்துப் பந்தலில் பழமெல்லாம் வெடித்துத் தரையில் சாறாக ஓடியது. மாமாவின் கொடி காலியாக, நிம்மதியாக நனைந்துகொண்டிருந்தது. வாழைப் பேச்சை அத்தை அதோடு விட்டுவிட்டாள்.

"டெல்லிக்காரவுகளப் போயிப் பாத்ததுதான் பலிச்சிருச்சு," என்றார் மாமா.

"அவுகளா வந்து வெட்டுனாக?" என்றாள் அத்தை.

அரசாங்கம் கடைசியில் எதை வாங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் இப்போது கொடி மறுபடி காய்த்து நிற்கிறது. நாங்கள் காத்திருப்பதாக இல்லை. மலையிலிருந்து வரும் மழை முதலில் அடிவாரத்து லோயர் கேம்ப்பில்தான் இறங்கும். அங்கே ஒரு மழைமானி வைத்து, முதல் தூறலிலேயே கம்பத்துக்குத் தானாகப் போன் அடிக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்திருக்கிறேன். வீட்டில் வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்ததில் தப்பான நம்பருக்கு அடித்தது. சரிசெய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். நாளைக்கு அங்கே கொண்டுபோய்க் கட்டப் போகிறோம்.

மாமா இன்றைக்கே வந்து ஜீப்புக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். போகும்போது கையில் இருந்த புதுக்குடையை எங்கள் வீட்டுக் கதவில் மாட்டினார். அவர் குடை பிடித்து யாரும் பார்த்ததில்லை.

"பெட்டிக்கா மாமா?" என்று கேட்டேன்.

"பெட்டி நனையத்தான போகுது," என்றார். "உனக்கு."