அட்டவணைக் கிராணியின் சிவப்புப் பென்சில்

அவசரகாலத்தில் மலாக்காவில் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. எங்கள் புள்ளிவிவர ஆபீஸில் அட்டவணைகளைப் பார்த்துக்கொண்ட குமாஸ்தாவான அட்டவணைக் கிராணிக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புத்தகங்கள் இரண்டை பீரோவிலிருந்து தோண்டியெடுத்து வைத்திருந்தார். மத்தியான இடைவேளையில் நாங்கள் சாப்பிடுவோம். அவர் இரண்டின் தொழில் அட்டவணைகளையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒப்பிட்டுக் கோபப்படுவார். முந்தையதில் முடிவெட்டுகிறவர்களுக்குத் தனி வரி இருந்ததாம். அடுத்ததில் சலவைக்காரர், சமையல்காரரோடு சேர்த்து ஒரே வரியில் அடைத்துவிட்டார்களாம். இந்த அநியாயத்தை முடிவெட்டும் கடைக்கே போய்ச் சொன்னார்.

“உம்மைக் காணேல்லைக் காணும்! புத்தகம் முழுக்கத் தேடிப் பாத்திட்டன்!”

“நான் இங்கதானே சார் நிக்கிறேன். தலைய ஆட்டாதீங்க லா, காது போயிடும்.”

பெரிய கோபம் தோட்டத்துப் பெண்களைப் பற்றியது. இரண்டாவது புத்தகத்தில் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும், பெண்கள் குறைந்திருந்தார்கள். “மரமெல்லாம் அப்பிடியே நிக்குது. வெட்டின பொம்பிளையள் எங்க போனவை?” என்று ஒரு மாதம் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் கேட்டார்.

அப்போதுதான் புதுக் கணக்கெடுப்பு வந்தது. படிவங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. வீடு வீடாகப் போய் எழுத, செலண்டார் பக்கம் ஒரு தோட்டம் எனக்கு ஒதுக்கப்பட்டது. என் அக்கா வீராயி அங்கேதான் இருந்தாள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். வழக்கப்படி வீட்டு ஆண்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். நானும் வழக்கப்படி எழுதிக்கொண்டேன்.

மறுநாள் கிராணி கையிலிருந்து படிவக் கட்டு முழுவதும் என் மேசையில் வந்து விழுந்தது.

“இது ஆர், வீராயி?”

“என் அக்கா சார்.”

“என்ன வேலை செய்யிறா?”

“பால்மரம் வெட்டுறாங்க.”

“அப்ப ‘தொழில் இல்லை’ எண்டு எழுதியிருக்கிறீர்?”

“மச்சான் சொன்னாரு சார், ‘அவ சும்மாதான் இருக்கா’ன்னு...”

அவர் முகம் அந்தப் பென்சில் நிறத்துக்கு வந்தது. “நாளைக்கு என்னோட வாரும்!”

விடியும்போது தோட்டத்தில் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. ஆள் எண்ணி வேலை பிரிக்கிற நேரம். முள்வேலி வாசலில் எவரும் காட்டுக்கு அரிசி கொண்டுபோகாதபடி காவலர்கள் சோதித்தார்கள். கிராணியையும் தடவிப் பார்த்தார்கள். கிடைத்தது என் படிவக் கட்டுதான்.

நான் கை காட்டியதும் நேராக அக்காவிடம் போனார். அவள் கையில் வாளி, இடுப்பில் உளி.

“பிள்ளை, நீர் என்ன தொழில்?”

அக்கா சிரித்தாள். “எனக்கென்னங்க தொழிலு? சும்மாதான்.”

“அப்ப அந்த வாளி?”

“இதா? பால் எடுக்கங்க.”

“சம்பளம் தருகினமோ?”

“தருவாங்க. அவரு போயி வாங்கிக்குவாரு.”

“எழுதும்!” என்று என்மீது பாய்ந்தார். “பால்மரம் வெட்டும் தொழிலாளி. வடிவா எழுதும்!”

அடுத்த பெண் நகர்ந்து வந்தாள். “எனக்கும் அப்படியே எழுதுங்க.” பிறகு வரிசையே நின்றுவிட்டது. பின்னாலிருந்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்தினார், “வெயில் ஏறிட்டா பால் எறங்காதுய்யா!”

“இத்தனை வருசமா இறங்கின பாலுக்கே இன்னும் ஆள் எழுதேல்லை, பேசாமல் நில்லும்!”

அன்று வெட்டு தாமதம். தோட்டத்துத் துரை புகார் எழுதினார். கிராணிக்கு வரவேண்டிய பதவி உயர்வு, படிவத்தில் கண்டதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொண்ட ஒருவருக்குப் போனது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

புதுப் புத்தகம் வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். பால்மரம் வெட்டும் பெண்களின் எண்ணிக்கையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் விரலை வைத்தேன். அதில் ஒருத்தி என் அக்கா. கூடப் பிறந்த நான் அவளை இல்லை என்று எழுதினேன். அவளை முன்பின் பார்த்திராத அந்தக் கோபக்காரர்தான் விடவில்லை.