கிகுனோவின் கதவு திறக்கவில்லை

உள்ளறைக் கதவு அசையவில்லை. இவாவோ தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவுக்குப் பதிலாக உத்தரம் முனகியது.

ஜப்பானின் பனி கொட்டும் அக்கித்தா மலையோரத்தில் பிறந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஓடும் தள்ளுகதவு மாட்டிக்கொண்டால் கூரைப் பனி வீட்டை அழுத்துகிறது என்று பொருள். கதவை உடைக்கவும் கூடாது. உத்தரத்தைத் தாங்கி நிற்பதே அப்போது அந்தக் கதவுதான். பக்கத்து ஊரில் ஒருவர் உடைத்தார். கதவையும் அவரையும் ஒன்றாகத்தான் வெளியே எடுத்தார்கள்.

“கிகுனோ, ஜன்னல் வழியா வெளிய போயிரு.”

பதில் இல்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. அவள் போட்ட முள்ளங்கி ஊறுகாயைவிட எதிர்வீட்டு ஊறுகாய் தேவலை என்று இவாவோ வாய் தவறிச் சொன்ன நாளிலிருந்து மனைவிக்குப் படுக்கை அந்த அறையில்தான். பேச்சுவார்த்தை கிடையாது.

மாடி ஜன்னல் வழியாகக் கூரைக்கு ஏறினார். பனி மார்பளவு நின்றது. அவள் தலைக்கு நேர் மேலே இருந்த பக்கத்தை மட்டும் வெட்டி வெட்டித் தள்ளினார்.

தன் கூரையில் நின்றிருந்த எதிர்வீட்டு ஜென்பெய் குரல் கொடுத்தார். “யோவ், ஒரு பக்கமா தள்ளாதய்யா. வீடு சாஞ்சிரும்.”

“இந்தப் பக்கந்தான்யா என் பொண்டாட்டி இருக்கா.”

“அது வீட்டுக்குத் தெரியுமா?”

வீட்டுக்குத் தெரியவில்லை. பனி மிச்சமிருந்த பக்கமாக, உட்கார்ந்தபடி தூங்கி விழுபவனைப் போல மெல்லச் சாய்ந்தது. வாசல் கதவும் மாட்டிக்கொண்டது. இறங்கிப் பார்த்தால், தள்ளிய பனியெல்லாம் கிகுனோவின் ஜன்னலை மூடிச் சுவராக எழும்பியிருந்தது.

மண்வாரியோடு வந்து சேர்ந்த ஜென்பெய் அதைத் தட்டிப் பார்த்தார். “ஊறுகாய் ஜாடியக்கூட இவ்வளவு இறுக்கமா மூட மாட்டாங்க.”

“எல்லாம் உன் வீட்டு ஊறுகாயால வந்த வினைதான்யா.”

“அது கடையில வாங்கினதுய்யா.”

ஜன்னலைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலிருந்து சரிந்தது. சரி, மறுபக்கத்தையும் தள்ளி வீட்டை நிமிர்த்திவிடலாம் என்று இருவரும் ஏறினார்கள். முதல் வெட்டிலேயே அந்தப் பக்கத்துப் பனி முழுவதும் ஒரே பாளமாகக் கிளம்பியது. போகிற போக்கில் புகைபோக்கியையும் தாழ்வாரத்தையும் கூட்டிக்கொண்டு போனது. பாரம் போன அவசரத்தில் வீடு இந்தப் பக்கம் திரும்பி, உள்ளறை மேல் சாய்ந்தது.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் இவாவோவுக்கு உறைத்தது. கோபத்தில் இருப்பவளுக்கும் இருமல் வருமே.

உள்ளறைக்கு மேலே கூரைத் தகரத்தைப் பிளந்து ஓட்டை போட்டார். இருட்டுக்குள் மெத்தை மேடு மட்டும் தெரிந்தது.

“கிகுனோ, உன் ஊறுகாய்தான் நல்லாருந்துச்சு. நான் சொன்னது பொய். கையக் குடு.”

மெத்தை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். முகட்டு விட்டம் முறிந்தது. ஜென்பெய் குதித்துத் தப்பினார். கூரை அப்படியே இறங்கியது. இவாவோ அதன் மேல் உட்கார்ந்தபடி, ஒரு கீறல்கூட இல்லாமல் தரைக்கு வந்து சேர்ந்தார்.

ஊரே கூடிவிட்டது. நீளக் கம்பிகளால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். கம்பி முனையில் மெத்தைப் பஞ்சு வந்தது, வேறொன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இவாவோ வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார். நகக்கண்களில் ரத்தம் உறைந்திருந்தது. அவரை யாரும் தடுக்கவில்லை.

கூட்டத்தைக் கண்டு சாலையில் பஸ் நின்றது. ஓட்டுநர் நரிதா இறங்கி வந்து விசாரித்தார்.

“அம்மாவையா தேடுறீங்க? அவங்க காலையிலேயே என் பஸ்ல மக வீட்டுக்குப் போயிட்டாங்களே. ‘கதவு மாட்டுது, இன்னைக்கு வீடு இறங்கிரும்’னாங்க. ‘ஐயாகிட்ட சொல்லிட்டீங்களா’ன்னு கேட்டேன். ‘எப்படிச் சொல்றது, நாங்கதான் பேசிக்கிறதில்லையே’ன்னாங்க.”